அபினியைத் துறந்தோர்: மலாயா வரலாறு கூறும் பாடம்

அபினியின் வரலாற்றை எழுதியோர் பலர். அது எந்த மண்ணில் விளைந்தது, எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, எந்த அரசின் கருவூலத்தை நிரப்பியது, எத்தனை போர்களுக்குக் காரணமாயிற்று என்பன எல்லாம் நூல்களில் விரிவாகக் காணப்படுகின்றன. அதற்கு அடிமையானோர் பட்ட துன்பமும் பேசப்பட்டுள்ளது. ஆயினும், அவ்வடிமைகளுள் ஒரு பகுதியினர் ஒரு நாள் அதனை விட்டொழிக்க முற்பட்டனர். அவர்களை அவ்வாறு முற்படச் செய்தது எது என்னும் கேள்வி அருகியே எழுப்பப்படுகிறது. போதைப்பொருளின் கேட்டினை மாணவர்க்கு எடுத்துரைக்கும் கடமை உடையோர்க்கு இக்கேள்வி இன்றியமையாதது. இதற்கு விடை காண மலாயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றிலேயே போதிய சான்றுகள் உள்ளன.

கருவூலத்தை நிரப்பிய புகை

1819இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றம் அமைந்தது. மறு ஆண்டிலேயே, அதன் பொறுப்பாளராக இருந்த வில்லியம் ஃபார்க்குவார், அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார். வட இந்தியாவில் காசி, பாட்னா ஆகிய பகுதிகளில் விளைந்த அபினி, கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டுக் கப்பலேறி இங்கு வந்தது. குத்தகைதாரர் அதனைக் காய்ச்சி, புகைப்பதற்கேற்ற 'சண்டு' ஆக்கி விற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதி, பல ஆண்டுகளில் இவ்வொரு பொருளிலிருந்தே கிடைத்தது. சாலையும் மருத்துவமனையும் அமைக்கச் செலவான பணத்திலும் ஏழைத் தொழிலாளியின் புகை கலந்திருந்தது எனின் அது மிகையாகாது.

இதனைப் புகைத்தோர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். கம்பிர் தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உழைத்தோர், ரிக்‌ஷா இழுத்தோர் முதலியோரே சண்டுக் கடைகளின் நிலையான வாடிக்கையாளர்கள். இவர்கள் இன்பம் நாடியே இப்பழக்கத்தில் வீழ்ந்தனர் எனக் கருதுவது பொருந்தாது. இடுப்பளவு நீரில் நின்று ஈயமண் வாரியவனுக்கு உடம்பெல்லாம் வலி. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் ஓயாத தொல்லை. பார்க்க மருத்துவர் இல்லை. பேசக் குடும்பம் இல்லை. வலியைத் தணித்து, கழிச்சலைக் கட்டுப்படுத்தி, உறக்கமும் தரவல்ல பொருளாக அன்று அவன் கைக்கு எட்டியது சண்டு ஒன்றே. சுரங்க முதலாளிகள் பலர் அதனைத் தாமே கடனுக்குக் கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொண்டனர். இதனால் வலிக்கு மருந்தாக வந்தது கடனாக மாறி, கடன் விலங்காக மாறிற்று.

விட நினைத்த மனம்

நாளடைவில் சண்டு வலியைப் போக்கும் ஆற்றலை இழந்து, அது இல்லாமையே வலியாகும் நிலை தோன்றிற்று. வேளை தவறினால் கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், தசைப்பிடிப்பு, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டு மூன்று நாள்களில் இவை உச்சத்தை எட்டி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும். இவ்வொரு வாரத்திற்கு அஞ்சியே பலர் பல்லாண்டுகள் அடிமைகளாக இருந்தனர்.

அங்ஙனம் இருந்தும் விட நினைத்தோர் எக்காலத்தும் இருந்தனர். அவர்களை அந்நினைவுக்குத் தூண்டியவை எவை? முதலாவது, பொருள். தாய்க்கும் மனைவிக்கும் பணம் அனுப்புவதற்கென்றே கடல் கடந்து வந்தவன், அனுப்ப ஒன்றும் மிஞ்சாத நிலையில் தன் பயணத்தின் பயனையே இழந்தவனாகிறான். இரண்டாவது, உடல். உழைப்பையே முதலாகக் கொண்டவனுக்கு உடல் தளர்ந்தால் வாழ்வே தளர்ந்துவிடும். மூன்றாவது, மானம். உறவினரும் ஊராரும் தன்னை 'அபினிப் பேய்' என்று இகழ்வதைக் கேட்டு அவன் நாணினான். நான்காவது, நம்பிக்கை. தன்னால் இயலும் என்றும், தனக்கு உதவ ஒருவர் உளர் என்றும் எண்ணும் மனநிலை அது. முதல் மூன்றும் பலரிடம் எப்போதும் இருந்தன. நான்காவது இல்லாமையால் அவை செயலாக மலரவில்லை. இவ்வுண்மையை 1906ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த ஒரு வியப்பான நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

ஓர் இலையின் கதை

1906ஆம் ஆண்டு அபினி எதிர்ப்பு வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். பத்தாண்டுகளுக்குள் அபினியை ஒழிப்பதாகச் சீனப் பேரரசு அவ்வாண்டு செப்டம்பரில் ஆணை பிறப்பித்தது. சிங்கப்பூரில் டாக்டர் லிம் பூன் கெங், டாக்டர் இன் சுவாட் சுவான் முதலியோர் எதிர்ப்பு இயக்கத்தை முன்னெடுத்தனர். பினாங்கில் டாக்டர் வூ லியென் தே அப்பணியை மேற்கொண்டார். பின்னாளில் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை அடக்கி உலகப் புகழ் பெற்றவர் இவரே. அவ்வாண்டில் ஈப்போவில் நடைபெற்ற அபினி எதிர்ப்பு மாநாட்டில் பல ஊர்ச் சங்கங்களின் சார்பாளர்கள் திரண்டனர்.

இச்சூழலில் சிலாங்கூர்ப் பகுதியிலிருந்து ஒரு செய்தி பரவிற்று. காட்டில் மரம் வெட்டிய சீனர் சிலர், தேயிலை தீர்ந்துபோகவே அங்கிருந்த ஒரு கொடியின் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தனர் என்றும், சில நாள்களில் அவர்களுக்குச் சண்டின்மேல் இருந்த வேட்கை நீங்கிற்று என்றும் மக்கள் பேசிக்கொண்டனர். தாவரவியலார் அக்கொடியைக் 'கொம்ப்ரேட்டம் சுண்டாய்க்கம்' என இனங்கண்டனர். எதிர்ப்புச் சங்கத்தார் அவ்விலையை உலர்த்தி, வறுத்து, நீண்ட நேரம் கொதிக்கவைத்து, அக்கஷாயத்தைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கினர். அதனைப் பெற ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அடித்து இழுத்து வந்தவர் எவரும் இலர். அவர்கள் தாமே நடந்து வந்தனர்.

மருந்து கொடுத்த முறை கூர்ந்து நோக்கத்தக்கது. நோயாளிக்கு இரண்டு புட்டிகள் நிறையக் கஷாயம் தரப்பட்டது. முதற்புட்டியில் அவன் வழக்கமாகக் கொள்ளும் அளவுக்கேற்ப அபினி கலக்கப்பட்டது. அதிலிருந்து ஒரு வேளைக்குரிய அளவைக் குடித்ததும், குறைந்த அளவை இரண்டாம் புட்டியிலுள்ள வெறுங்கஷாயத்தால் நிரப்பவேண்டும். இவ்வாறு வேளைதோறும் செய்துவர, முதற்புட்டியில் உள்ள அபினி சிறிது சிறிதாக நீர்த்து, இறுதியில் பெயரளவுக்கே எஞ்சும்.

இலையை ஆராய்ந்த வேதியியலார் அபினி வேட்கையைப் போக்கும் தனிப்பொருள் எதனையும் அதில் காணவில்லை. ஓரிரு ஆண்டுகளில் அதன்மேல் இருந்த ஆர்வமும் தணிந்தது. அங்ஙனமாயின், குணமடைந்ததாகக் கூறியோர் எல்லாரும் ஏமாந்தவர்களா? அவ்வாறு முடிவு கட்டுதல் கூடாது. அபினியின் அளவைப் படிப்படியாகக் குறைக்கும் அம்முறை, அறிந்தோ அறியாமலோ, நல்ல மருத்துவ முறையாக அமைந்துவிட்டது. இன்றும் மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைத்தே பலருக்கு விலக்கம் அளிக்கின்றனர். அதனினும் முக்கியமானது வேறொன்று உண்டு. அக்கஷாயம் இலவசமாகக் கிடைத்தது. அதனைக் கொடுத்தோர் தம் இனத்தாரே. வரிசையில் அருகில் நின்றோரும் தம்மைப் போன்றோரே. எவரும் எவரையும் இகழவில்லை. முன்னர் நலம் பெற்றவர் பெயர்களும் காதில் விழுந்தன. பல்லாண்டுகளாக உள்ளத்துள் அடங்கிக் கிடந்த விருப்பத்திற்கு ஒரு வாயில் திறந்தது. இலையிடம் இல்லாத ஆற்றல் அந்த வாயிலிடம் இருந்தது எனலாம்.

விற்பதும் அரசு, விலக்குவது யார்?

மக்கள் எழுச்சியைக் கண்ட ஆங்கில அரசு 1907இல் ஓர் ஆணையத்தை அமைத்தது. 1908இல் வெளிவந்த அதன் அறிக்கை முழுத் தடையைப் பரிந்துரைக்கவில்லை. குத்தகை முறை மட்டும் நீங்கி, 1910 முதல் சண்டு தயாரிப்பையும் விற்பனையையும் அரசே ஏற்றது. சிங்கப்பூர்ப் பாசிர் பாஞ்சாங்கில் சண்டு ஆலை இயங்கிய குன்று இன்றும் 'புக்கிட் சண்டு' என்றே வழங்குகிறது. விலை ஏற்றப்பட்டது, தரம் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆனால், அரசு முத்திரையுடன் ஒரு பொருள் விற்கப்படும்போது, 'இதனை விட்டுவிடு' என்னும் அறிவுரை எடுபடுவது அரிது. மக்கள் அரசின் சொல்லைவிட அரசின் செயலையே பாடமாகக் கொள்வர். வருவாய் குறையுமே என்னும் அச்சமே தடைக்குத் தடையாக நின்றது. 1925இல் சிங்கப்பூரில் அபினி வருவாய்க்கு ஈடு செய்யவென்று ஒரு தனி நிதி தொடங்கப்பட்டதே இதற்குச் சான்றாகும்.

இந்நிலையில் தனிமனிதர் சிலர் செய்த தொண்டு போற்றத்தக்கது. டாக்டர் சென் சூ லான் 1910இல் சிங்கப்பூர் மருத்துவப் பள்ளியில் பட்டம் பெற்ற முதல் அணியினருள் ஒருவர். அபினி எதிர்ப்புச் சங்கத்தின் வாயிலாக உழைத்த இவர், 1933இல் அடிமைகளுக்கென ஒரு மருத்துவ நிலையம் தோன்றக் காரணமாக இருந்தார். குற்றவாளி என்று ஒதுக்கப்பட்டவன் அங்கு நோயாளி என்று அழைக்கப்பட்டான். பெயர் மாறியதும் அவன் தன்னைப் பற்றி எண்ணும் எண்ணமும் மாறுதல் இயல்பே.

தமிழர் கண்ட போராட்டம்

சீனர்க்குச் சண்டு எவ்வாறோ, தோட்டத் தமிழர்க்குக் கள் அவ்வாறாயிற்று. இரண்டும் வெவ்வேறு பொருள்கள்; ஆயினும் அவை மக்களைப் பற்றிய முறை ஒன்றே. தோட்டத்திற்குள்ளேயே கள்ளுக்கடை, மாலையில் வேறு பொழுதுபோக்கு இல்லை, கூலி கிடைத்த நாளிலேயே அதில் ஒரு பங்கு அங்குச் சென்று சேர்ந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வருகை தந்ததை ஒட்டிச் சீர்திருத்த உணர்வு இங்கு வளர்ந்தது. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' ஏடு அவ்வுணர்வைத் தோட்டங்கள்வரை எடுத்துச் சென்றது.

போருக்குப் பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடா மாநிலத்தில் 'தொண்டர் படை' என்னும் இயக்கம் எழுந்தது. பீடோங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களே அதன் உறுப்பினர்கள். அவர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குடித்தவர்க்கு அறிவுரை கூறினர். சில இடங்களில் கட்டுப்பாட்டை மீறியவரைத் தண்டிக்கவும் செய்தனர். 1947இல் காவல் துறையினருடன் மோதல்களும் கைதுகளும் நிகழ்ந்து, இயக்கம் ஒடுக்கப்பட்டது. தண்டனை முறையில் அவ்வியக்கத்தார் எல்லை மீறிய இடங்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஒரு செய்தி கருதத்தக்கது. இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பையும் கட்டுப்பாட்டையும் கண்டு, தாமும் மதிப்புக்குரிய மாந்தர் என்று உணர்ந்த தலைமுறை அது. 'கூலி' என்று இழித்துரைக்கப்பட்டவன் 'தொண்டர்' என்று அழைக்கப்பட்டபோது கள்ளுக் குவளையைக் கீழே வைக்க முன்வந்தான். உயர்ந்த ஒன்று கைக்கு வரும்போதுதான் தாழ்ந்த ஒன்று கையை விட்டு நழுவுகிறது.

தடையும் தீவும்

சப்பானியர் ஆட்சிக் காலத்திலும் சண்டு விற்பனை தொடர்ந்தது. 1943 நவம்பரில், தாங்கள் மீட்கும் நாடுகளில் அபினி புகைத்தலை முற்றிலும் தடை செய்வதாக ஆங்கில அரசு அறிவித்தது. அதற்கிணங்க 1946இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தடை நடைமுறைக்கு வந்தது. நேற்றுவரை உரிமத்துடன் புகைத்தவன் இன்று குற்றவாளியானான். கடைகள் மூடப்பட்டன, வேட்கை மூடப்படவில்லை. கள்ள அறைகள் பெருகின. சிறைகளில் முதிய அடிமைகள் நிறைந்தனர். சிறைவாசம் முடிந்து வெளியேறியவன் அதே சந்துக்கும் அதே நண்பர்க்கும் திரும்பினான்.

இச்சுழலைக் கண்ட சிங்கப்பூர் அரசு 1954இல் சட்டத்தைத் திருத்தி, அபினி அடிமைகளைச் சிகிச்சைக்கு அனுப்ப வழி செய்தது. 1955இல் செயின்ட் ஜான் தீவில் சிகிச்சை நிலையம் தொடங்கிற்று. விலக்க வேதனை தணிந்தபின் அங்கு அவர்களுக்குத் தச்சு வேலையும் தையலும் பிரம்பு முடைதலும் கற்பிக்கப்பட்டன. மறந்துபோன உழைப்பின் சுவையை அவர்கள் கைகள் மீண்டும் அறிந்தன. உடலில் இருந்து நஞ்சை நீக்குதல் தொடக்கமே. அந்நஞ்சு இருந்த இடத்தில் வேறொன்றை வைத்தாகவேண்டும் என்னும் தெளிவு அரசின் திட்டத்தில் இடம்பெற்றதை இங்குக் காண்கிறோம்.

புதிய தலைமுறையும் புதிய நஞ்சும்

1970களில் நிலைமை மாறிற்று. முதியவரின் சண்டு மறைந்து, இளைஞரின் ஹெராயின் தலைதூக்கிற்று. பர்மா, லாவோஸ், தாய்லாந்து எல்லைகள் கூடும் 'தங்க முக்கோணம்' அதன் ஊற்றாக இருந்தது. சிங்கப்பூரில் 1971இல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவும், 1972இல் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கமும் அமைந்தன. 1977 ஏப்ரலில் நாடெங்கும் நடந்த தேடுதல் நடவடிக்கையில் அடிமைகள் பிடிக்கப்பட்டு, மாற்று மருந்து எதுவுமின்றி விலக்க வேதனையைக் கடக்குமாறு செய்யப்பட்டனர். மலேசியாவில் 1976இல் 'பெமாடாம்' இயக்கம் பிறந்தது. 1983இல் போதைப்பொருள் நாட்டின் முதல் எதிரி என அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டுச் சட்டம், அடிமையானோரை ஈராண்டு மறுவாழ்வு நிலையத்திலும் அதன்பின் ஈராண்டு கண்காணிப்பிலும் வைக்க வகை செய்தது.

இக்கடுமை பலரை மரணத்தின் வாயிலிலிருந்து மீட்டது என்பது உண்மை. பிடிபட்ட பின்னரே தன் நிலையை உணர்ந்து திருந்தியோர் உண்டு. ஆனால், நிலையத்துக் கதவு திறந்ததும் பழைய வழிக்கே திரும்பியோர் பலர் என்பதும் உண்மையே. அச்சம் ஒருவனைப் பழைய வழியில் செல்லாது தடுத்து நிறுத்தும். புதிய வழியில் நடக்க வைப்பதற்கு அது போதாது.

அதே 1983ஆம் ஆண்டில் மேலைநாட்டு உளவியலார் வெளியிட்ட இரண்டு ஆய்வுரைகள் இங்கு நினைக்கத்தக்கவை. புகைபிடித்தலை விட்டோரை ஆராய்ந்த புரோச்சாஸ்கா, டிக்லெமென்டி என்னும் இருவர், விடுதல் என்பது ஒரு நொடியில் நிகழ்வதன்று என்றும், எண்ணாமை, எண்ணுதல், செயற்படுதல், நிலைத்தல் எனப் படிகளாக நிகழ்வது என்றும், இடையில் சறுக்கி மீண்டும் ஏறுவதும் அதன் பகுதியே என்றும் காட்டினர். குடிப்பழக்கத்தினரோடு பழகிய வில்லியம் மில்லர், கடிந்துரைத்தால் அவர்கள் தம்மை நியாயப்படுத்தவே முற்படுவர் என்றும், பொறுமையாகக் கேட்டு வினவினால் விடுவதற்கான காரணத்தை அவர்களே சொல்வர் என்றும் விளக்கினார். காரணம் பிறர் வாயிலிருந்து வரும்போது அது கட்டளை; தன் வாயிலிருந்து வரும்போது அது உறுதி.

2005இல் மலேசியாவில் மெத்தடோன் சிகிச்சைத் திட்டம் தொடங்கப்பட்டது. நாள்தோறும் மருந்து நிலையத்துக்கு வந்து அளவாகக் குடிக்கும் இம்மருந்து ஹெராயின் வேட்கையை அடக்குவதால், ஒருவர் தம் வேலையையும் குடும்பத்தையும் கவனிக்க முடிகிறது. 2010 முதல், அடிமையானோர் தாமாகவே வந்து சிகிச்சை பெறும் திறந்த நிலையங்களும் அமைக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு முன் இலைக் கஷாயத்திற்காக வரிசையில் நின்றோர் நாடியதும் இத்தகைய வாயிலையே அன்றோ!

வள்ளுவர் கண்ட உளவியல்

இவற்றையெல்லாம் தமிழறிந்தோர் புதுமையாகக் கொள்ளவேண்டியதில்லை. வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதில் கேட்டினை மட்டும் கூறி அவர் நிற்கவில்லை. திருந்துவதற்கான தூண்டுதல்களையும் சுட்டிச் செல்கிறார். எதனையும் பொறுக்கும் பெற்ற தாய்க்கே மகனின் களிப்பு வெறுப்பைத் தரும் என்கிறார். இது உறவு தரும் தூண்டுதல். தான் தெளிந்திருக்கும் வேளையில் களித்த பிறனைக் காண்பவன், தன் நிலையும் அதுவே என்று எண்ண மாட்டானோ என்று வினவுகிறார். இது தன்னைத்தான் காணும் தூண்டுதல். மயங்கிக் கிடப்பவனுக்குக் காரணம் காட்டி அறிவுரை கூறுதல், நீரில் மூழ்கியவனைத் தீவட்டி கொண்டு தேடுதல் போன்றது என்றும் உரைக்கிறார். மயங்கியவனிடம் பயன்படாத சொல், தெளிந்த வேளையில் பயன்படும். அத்தெளிந்த வேளையை அறிந்து பேசுவோரே அடிமையானவனுக்குத் துணையாவர்.

வரலாறு கூறும் முடிவு இதுவே. விட்டொழிக்கும் விருப்பத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து புகுத்தவேண்டுவதில்லை. அது தாய்மேல் வைத்த அன்பாகவோ, பிள்ளையின் எதிர்காலமாகவோ, தொழிலாகவோ, மானமாகவோ அடிமையானவனிடமே உள்ளது. அதற்கு வேண்டுவன, நாணமின்றி நுழையத்தக்க ஒரு வாயிலும், மீண்டு வந்தால் அமர்வதற்கு ஓர் இடமும் ஆகும். வாயிலை அரசும் மருத்துவரும் அமைக்கலாம். இடத்தை அமைக்கவேண்டியது சமுதாயம். மறுவாழ்வு பெற்று வந்தவனுக்கு வேலை தர மறுக்கும் முதலாளியும், அவன் தங்கையைப் பெண் கேட்கத் தயங்கும் உறவினரும், அவன் பிள்ளையைத் தகப்பன் பெயர் சொல்லி இழிவாகப் பேசும் பள்ளியும் அவ்விடத்தைப் பறித்துக்கொள்கின்றனர்.

ஆகவே, போதைப்பொருளின் தீமையை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர், விலகி நிற்கவேண்டிய காரணத்தைக் கூறுவதோடு, விழுந்தவர் எழுந்த வரலாற்றையும் கூறுதல் வேண்டும். வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருள் எவர் வீட்டில் இத்துன்பம் உள்ளது என்பது ஆசிரியர்க்குத் தெரியாதிருக்கலாம். 'விழுந்தவன் அழிந்தான்' என்று மட்டும் கேட்கும் அச்சிறுவன் தலைகுனிந்து வீடு செல்வான். 'விட்டவர் பலர் உளர், விட முடியும், உதவி கேட்பது இழிவன்று' என்று கேட்பவன், அச்சொல்லைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்வான். யாருக்காக அச்சொல் தேவையோ அவர் செவியில் அது ஒரு நாள் சென்று சேரும்.